20 நிமிஷத்தில் தட்டை எடுத்துவிட வேண்டுமாம்!

தேனிக்காரி:
நேற்று ஒரு சகோதரி, "பையன் சோற்றுக் கிண்ணத்தைப் பார்த்தாலே ஓடுகிறான், என்ன செய்வது?" என்று அழாத குறையாகக் கேட்டிருந்தார். அதற்கு நம்ம பொள்ளாச்சி_அப்பா தீர்ப்பே எழுதிவிட்டார். தட்டை வை, 20 நிமிஷம் பார், சாப்பிடாவிட்டால் தட்டை எடுத்துவிடு, அடுத்த வேளை வரை தண்ணீர் தவிர எதுவும் கொடுக்காதே, மூன்றே நாளில் பிள்ளை வழிக்கு வந்துவிடும். இதுதான் அவர் எழுதியது. அதற்கு ஏகப்பட்ட கைதட்டல் வேறு.

படித்ததில் இருந்து எனக்கு வயிறு எரிகிறது. என் மகனுக்கு ஒன்றே முக்கால் வயது. முதல் வாயை வாங்கிக் கன்னத்தில் அதக்கிக்கொண்டான் என்றால் அதை விழுங்கவே பத்து நிமிஷம் ஆகும். 20 நிமிஷத்தில் தட்டை எடுத்தால் அவன் வயிற்றுக்குள் போயிருப்பது இரண்டு வாய் பருப்புச் சாதம். யார் வைத்த கணக்கு சார் இந்த 20 நிமிஷம்?

பொள்ளாச்சி_அப்பா:
பெயர் சொல்லிச் சந்திக்கு இழுத்ததற்கு நன்றி மேடம். நான் சொன்னது என் சொந்தச் சரக்கு இல்லை. எலின் சாட்டர் என்ற அமெரிக்க உணவியல் நிபுணர் பல வருஷங்களாகச் சொல்லிவருவதுதான். என்ன உணவு, எப்போது, எங்கே என்பதெல்லாம் பெற்றோர் பொறுப்பு. சாப்பிடுவதா வேண்டாமா, எவ்வளவு என்பது குழந்தையின் பொறுப்பு. நாம் குழந்தையின் வேலையையும் சேர்த்துப் பார்க்கிறோம். இடுப்பில் தூக்கி, காக்காயைக் காட்டி, பக்கத்து வீட்டு நாயைக் காட்டி, குழந்தை வாயைப் பிளக்கிற நொடியில் ஒரு உருண்டையைத் திணிக்கிறோம். இப்படியே ஒரு மணி நேரம். இதற்குப் பிறகு சோறு என்றாலே குழந்தைக்கு வெறுப்பு வராமல் என்ன செய்யும்? அந்தச் சண்டைக்கு ஒரு முடிவு வேண்டும் என்றுதான் 20 நிமிஷம். என் மகள் இப்போது தானே பிசைந்து தானே சாப்பிடுகிறாள்.

தேனிக்காரி:
உங்கள் மகள் சமாச்சாரம் எல்லாருக்கும் மனப்பாடம் சார். நான் கேட்டது வேறு. அந்தச் சாட்டர் அம்மா சொன்னதில் 20 நிமிஷம் எங்கே இருக்கிறது? என்ன, எப்போது, எங்கே என்று மூன்று சொன்னீர்கள். "எத்தனை நிமிஷம்" என்று நாலாவதை நடுவில் செருகியது யார்?

வெள்ளந்தி:
எங்கள் வீட்டில் 20 நிமிஷம் பிள்ளையைப் பிடிப்பதற்கே போய்விடுகிறது. அதைக் கணக்கில் சேர்க்கலாமா கூடாதா?

காரைக்குடி_ஆச்சி:
என்னப்பா இது, சோறு ஊட்டுவதற்குக் கடிகாரமா? நான் நாலு பிள்ளை வளர்த்தவள். பேரன் பேத்தி ஆறு. முற்றத்தில் நிலாவைக் காட்டி ஊட்டினால் எந்தப் பிள்ளையும் இறங்காமல் இருக்காது. அப்படியும் இறங்கவில்லை என்றால் தொண்டையில் ஏதோ சிக்கியிருக்கும். தொக்கம் எடுக்கிறவரிடம் ஒருமுறை காட்டிவிட்டு வா தாயி. அன்றைக்குச் சாயங்காலமே பசி எடுக்கும்.

குழந்தைநல_செவிலி:
ஆச்சி, தயவுசெய்து அதை மட்டும் சொல்லாதீர்கள். சாப்பிட்ட சோறு சில மணி நேரத்தில் இரைப்பையைத் தாண்டிவிடும். வாரக்கணக்கில் தொண்டையில் உட்கார்ந்திருக்காது. அப்படிச் சிக்கியிருந்தால் குழந்தை மூச்சுத் திணறி அன்றைக்கே அவசரப் பிரிவுக்கு வந்திருக்கும். தொக்கம் எடுப்பவர் வெளியே துப்பிக் காட்டும் பருக்கை அவர் வாயில் முன்பே இருந்தது. வயிற்றை அமுக்குவதும் தொண்டைக்குள் விரல் விடுவதும் ஆபத்து.

தேனிக்காரியிடம் இரண்டே கேள்வி. பையன் ஒரு நாளைக்கு எவ்வளவு பால் குடிக்கிறான்? எடை ஏறுகிறதா? இது தெரியாமல் 20 நிமிஷமா 40 நிமிஷமா என்று பேசிப் பயனில்லை. அப்புறம் பொள்ளாச்சி சார், "அடுத்த வேளை" என்று நீங்கள் சொல்வது எது? இந்த வயதில் ஒரு நாளைக்கு மூன்று நான்கு வேளை உணவும், நடுவில் ஒன்றிரண்டு முறை சிறுதீனியும் வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். காலை 8 மணிக்குத் தட்டை எடுத்தால் அடுத்த வேளை பத்தரையா, மதியம் ஒன்றா?

காரைக்குடி_ஆச்சி:
என் நாலு பிள்ளைகளுக்கும் எடுத்திருக்கிறேன் அம்மா. நாலு பேரும் குத்துக்கல் மாதிரி இருக்கிறார்கள். நீ எந்த ஆஸ்பத்திரியில் இருக்கிறாயோ தெரியாது. படித்த பிள்ளைகள் எல்லாம் இப்போது பாட்டிகளைப் பொய்க்காரி ஆக்கிவிட்டீர்கள்.

பொள்ளாச்சி_அப்பா:
செவிலி மேடம் கேள்விக்கு அப்புறம் வருகிறேன். முதலில் தேனிக்காரிக்கு. குழந்தைக்குத் தன் பசி தெரியும் என்பதற்கு ஆதாரம் வேண்டுமா? கிளாரா டேவிஸ் என்ற மருத்துவர் 1926இல் அமெரிக்காவில் ஒரு சோதனையைத் தொடங்கினார். தாய்ப்பால் மறந்த குழந்தைகள், மொத்தம் 15 பேர். விதவிதமான உணவைத் தட்டில் வைத்துவிட்டு, தாதியை வாயே திறக்கக் கூடாது என்று உட்கார வைத்தார். குழந்தை எதைக் காட்டுகிறதோ அதை மட்டும் கொடுக்கலாம். ஒரு நாள் மலைபோலத் தின்னும், ஒரு நாள் சீண்டாது. ஆனாலும் எல்லாக் குழந்தைகளும் நன்றாகவே வளர்ந்தன. திணிக்க வேண்டியதே இல்லை. நூறு வருஷத்துக்கு முன்பே முடிந்துபோன விவாதம் மேடம் இது.

தேனிக்காரி:
பாதியைச் சொல்லிவிட்டு மீதியை விழுங்கிவிட்டீர்களே. அந்தத் தட்டில் பிஸ்கட் இருந்ததா? சர்க்கரை இருந்ததா? எதுவும் இல்லை. காய், பழம், இறைச்சி, முட்டை, பால், தானியம், அதுவும் சர்க்கரை சேர்க்காமல். அப்படிப்பட்ட முப்பது சொச்சம் பண்டங்களில் எதை எடுத்தாலும் நல்லதுதான். எங்கள் வீட்டில் நான் தட்டை எடுத்த ஐந்தாவது நிமிஷம் என் மாமனார் சட்டைப் பையில் இருந்து கிரீம் பிஸ்கட் வெளியே வரும். கிளாரா அம்மாவின் ஆஸ்பத்திரியில் மாமனார் உண்டா? முக்கியமாக, அங்கே யாராவது 20 நிமிஷம் என்று அலாரம் வைத்தார்களா? யார் வைத்த கணக்கு என்று மறுபடியும் கேட்கிறேன்.

பொள்ளாச்சி_அப்பா:
அப்படியென்றால் பிரச்சினை மாமனாரிடம். என் முறையில் இல்லை.

தேனிக்காரி:
என் மாமனாரைப் பற்றி நான் பேசலாம். நீங்கள் பேச வேண்டாம்.

ஓய்வு_தமிழாசான்:
வம்புக்கு வரவில்லை. இந்தச் சண்டை அமெரிக்காவில் தொடங்கியது போலப் பேசுகிறீர்களே என்றுதான் எழுதுகிறேன். நற்றிணை 110ஆம் பாட்டு, போதனார் பாடியது. ஒரு கையில் தேன் கலந்த பாலைப் பொற்கிண்ணத்தில் ஏந்திக்கொண்டு, இன்னொரு கையில் சிறு கோலை ஓங்கி, "உண்" என்று வளர்ப்புத்தாயான செவிலி மிரட்டுகிறாள். சிறுமி மாட்டேன் என்று காலில் சிலம்பு ஒலிக்கப் பாய்ந்து ஓடுகிறாள். நரைத்த கூந்தலோடு செவிலியர் பின்னால் ஓடிக் களைத்துப்போகிறார்கள். அவள் பந்தலுக்குள் புகுந்துவிடுகிறாள். சங்க காலத்து வீட்டிலும் இதே கூத்துதான்.

தேனிக்காரி:
ரொம்ப நன்றி ஐயா. பார்த்துக்கொள்ளுங்கள், அந்தச் செவிலிகூடப் பின்னால் ஓடினாளே தவிர நேரமாகிவிட்டது என்று கிண்ணத்தைக் கவிழ்த்து வைக்கவில்லை.

பொள்ளாச்சி_அப்பா:
ஓடிக் களைத்தது யார்? செவிலி. பால் உள்ளே போனதா? பாட்டில் அப்படி இல்லை. இது என் கட்சிச் சாட்சி மேடம். துரத்தினால் குழந்தை சாப்பிடாது என்று அப்போதே எழுதி வைத்திருக்கிறார்கள்.

வெள்ளந்தி:
அது பால். இங்கே பேசுவது சோறு. சாட்சி செல்லாது.

ஓய்வு_தமிழாசான்:
நீங்கள் இருவரும் பாட்டைப் பாதியில் விட்டுவிட்டீர்கள். அப்படி ஓடிய அதே பெண்தான் பிறகு வறுமைப்பட்ட கணவன் வீட்டில், தந்தை வீட்டுக் கொழுஞ்சோற்றை நினைக்காமல், ஒருவேளை விட்டு ஒருவேளை உண்கிறாள். இந்த அறிவை எங்கே கற்றாளோ என்று வியப்பதுதான் பாட்டின் உயிர்.

தேனிக்காரி:
ஐயா, அவளுக்குக் கல்யாணமே ஆகிவிட்டது. என் மகனுக்கு ஒன்றே முக்கால்.

குழந்தைநல_செவிலி:
பால் என்றதும் மறுபடியும் கேட்கிறேன், எவ்வளவு குடிக்கிறான்? ஏன் கேட்கிறேன் என்றால், ஒரு வயதைத் தாண்டிய பிள்ளைகளில் "சாப்பிடவே இல்லை" என்று வருகிற பலருக்குப் பால் கணக்கு ஒரு லிட்டரை நெருங்கும். ராத்திரி தூக்கத்தில் புட்டிப்பால், விடிந்ததும் ஒரு டம்ளர், சோறு இறங்கவில்லை என்று மனசு கேட்காமல் இன்னொரு டம்ளர். வயிற்றில் இடம் எங்கே இருக்கும்? அரை லிட்டருக்குள் நிறுத்த வேண்டும். பாலில் இரும்புச்சத்து மிகக் குறைவு. பால் ஏறினால் சோறு இறங்காது, இரும்பு குறையும், ரத்தசோகை வந்தால் இருக்கிற பசியும் போகும். 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வில், தமிழ்நாட்டில் ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 57 பேருக்கு ரத்தசோகை.

இன்னொன்று. பிறந்தபோது மூன்று கிலோ இருந்த பிள்ளை முதல் பிறந்தநாளுக்கு ஒன்பது கிலோ ஆகிறது. அடுத்த வருஷம் முழுக்க ஏறுவது இரண்டு, இரண்டரை கிலோதான். வளர்ச்சி நிதானமானால் பசியும் நிதானமாகத்தான் இருக்கும். முன்னே ஆறு வாய் வாங்கியவன் இப்போது மூன்று வாயோடு எழுந்து போவது நோய் இல்லை. எடை அட்டையில் கோடு அதன் போக்கில் ஏறுகிறதா என்று அங்கன்வாடியில் பாருங்கள். கோடு படுத்துவிட்டாலோ, நாள் முழுக்கச் சோர்ந்து கிடந்தாலோ, ஒவ்வொரு வாய்க்கும் ஓங்கரித்தாலோ மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும்.

பொள்ளாச்சி_அப்பா:
பார்த்தீர்களா? மூன்று வாயோடு எழுந்து போவது நோய் இல்லை. இதைத்தான் நானும் சொன்னேன். 20 நிமிஷத்தில் மூன்று வாய் போதும்.

தேனிக்காரி:
செவிலி அக்கா பதிவில் 20 என்ற எண்ணே இல்லை. வேண்டுமானால் தேடிப் பாருங்கள். எண்ணை எங்கிருந்தாவது கடன் வாங்கி ஒட்டவைப்பது உங்கள் பழக்கம். பிள்ளைகளை நடக்கப் பழக்கும் வாக்கர் பற்றி முன்பு நடந்த சண்டையிலும் இதையேதான் செய்தீர்கள்.

பொள்ளாச்சி_அப்பா:
வாக்கர் விஷயத்தில் நான் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. கனடாவில் 2004இலேயே அதன் விற்பனையைத் தடை செய்துவிட்டார்கள். நீங்கள்தான் "எங்கள் தெருவில் எல்லாப் பிள்ளையும் அதில்தான் நடந்தது" என்று சொல்லிக்கொண்டிருந்தீர்கள். அந்தக் கடுப்பைத்தான் இங்கே தீர்க்கிறீர்கள் என்பது எல்லாருக்கும் தெரிகிறது.

வெள்ளந்தி:
வாக்கரில் உட்கார வைத்து ஊட்டினால் 20 நிமிஷத்தில் எத்தனை சுற்று வரும்?

காரைக்குடி_ஆச்சி:
நடைவண்டியில் நடந்த பிள்ளைதான் எங்கள் காலத்தில் எல்லாம். மரத்தில் செய்தது, மூன்று சக்கரம். அதையும் தடை செய்துவிட்டார்களா?

பொள்ளாச்சி_அப்பா:
ஆச்சி, நடைவண்டி வேறு, வாக்கர் வேறு. நடைவண்டியைப் பிள்ளை நின்று தள்ளுகிறது. வாக்கரில் அதை உட்கார வைத்துவிடுகிறோம். படி இருந்தால் உருண்டு போய்விடும்.

தேனிக்காரி:
ஆச்சியிடம் மட்டும் எவ்வளவு பொறுமை! எனக்கு ஒரு வரி விளக்கம் கிடையாது. சரி, நானே சொல்கிறேன். காலை எட்டேகாலுக்கு எனக்குப் பஸ். அதற்குள் அவன் வயிற்றில் ஒரு இட்லியாவது போக வேண்டும். போகாவிட்டால் நாள் முழுக்க என் மனசு வேலையில் நிற்காது. உங்கள் வீட்டில் தட்டை எடுத்த பிறகு "அம்மா, பசி" என்று அழும் குழந்தையை யார் சமாளிக்கிறார்கள்? நீங்களா, உங்கள் மனைவியா? இதற்கு மட்டும் பதில் வராது என்று எனக்குத் தெரியும்.

பொள்ளாச்சி_அப்பா:
என் மனைவியைப் பற்றி நான் பேசலாம். நீங்கள் பேச வேண்டாம்.

காரைக்குடி_ஆச்சி:
இட்லியைப் பிய்த்து நெய் தடவி அவன் கையிலேயே கொடு தாயி. பாதி தரையில் போகும், போகட்டும். காக்கா குருவிக்கு ஆகும்.

குழந்தைநல_செவிலி:
இதை நான் அப்படியே வழிமொழிகிறேன் ஆச்சி. அவன் கையில் கொடுப்பது நல்லது. முழு நிலக்கடலை, முழு திராட்சை மட்டும் இந்த வயதில் வேண்டாம், புரையேறி அடைத்துக்கொள்ளும். புது உணவைப் பத்துப் பதினைந்து தடவை தட்டில் பார்த்த பிறகுதான் சில பிள்ளைகள் வாயில் வைக்கும். செல்போனைக் காட்டி ஊட்டுவதை நிறுத்துங்கள். இரண்டு வயதுக்குள் திரையே வேண்டாம் என்கிறது இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம். பால் எவ்வளவு என்று இன்னும் யாரும் சொல்லவில்லை.

தேனிக்காரி:
செல்போனா? நான் செல்போன் காட்டுகிறேன் என்று எங்கே எழுதினேன் அக்கா? ஆளாளுக்கு என் வீட்டுக்குள் வந்து பார்த்தது போலப் பேசுகிறீர்கள். நான் கேட்டது ஒரே ஒரு கேள்வி.

வெள்ளந்தி:
20 நிமிஷம் யார் வைத்த கணக்கு?

தேனிக்காரி:
அதேதான் தம்பி. உனக்குப் புரிகிறது, பொள்ளாச்சிக்குப் புரியவில்லை.

பொள்ளாச்சி_அப்பா:
கடைசியாகச் சொல்லிவிட்டுப் போகிறேன். அரை மணி நேரத்துக்கு மேல் சாப்பாட்டை இழுக்காதே என்று எந்தக் குழந்தை மருத்துவரும் சொல்வார். 20, 30 என்பதெல்லாம் அந்தச் சுற்றுவட்டாரத்தில்தான் வரும். நான் சொன்ன 20 அதிகபட்சம். அதற்குமேல் துரத்தாதீர்கள் என்று பொருள்.

தேனிக்காரி:
20க்குமேல் 30 வந்துவிட்டதா? நல்லது. நேற்றைய பதிவை நான் படம் எடுத்து வைத்திருக்கிறேன். அதில் "அதிகபட்சம்" என்ற சொல் இல்லை. "20 நிமிஷம் பார், தட்டை எடு" என்றுதான் இருக்கிறது. போகிறேன் என்று வாக்கர் சண்டையிலும் சொன்னீர்கள், போகவில்லை.

பொள்ளாச்சி_அப்பா:
எழுதாவிட்டாலும் புரிகிறவர்களுக்குப் புரியும்.

தேனிக்காரி:
சரி, புரியாதவள் கேட்கிறேன். ஏன் 25 இல்லை?