ஏர் புரூனிங்: ஓக் கன்றுத் தாளுக்கு ஒரு சொல் வேணும், சனிக்கிழமைக்குள்ள

ரொறன்ரோவில இருந்து:

எல்லாருக்கும் வணக்கம். இங்க சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில பிள்ளையள் பார்க்கில பொறுக்கின ஓக் கொட்டையளை வளர்க்கப் போகினம், அதுக்கு ஒரு பக்கச் செய்முறைத் தாள் எழுதுறன், ஏர் புரூனிங் எண்ட இடத்தில நிண்டிட்டன். ஓக் கொட்டை முளைச்சால் தண்டு வாறதுக்கு முன்னமே ஆணிவேர் கீழ போயிடும். அடி மூடின தொட்டியெண்டால் அது அடியில முட்டி வட்டமாச் சுத்தும், பிறகு நிலத்தில நட்டாலும் அந்தச் சுருள் நிமிராது. அதால ரெண்டு லீட்டர் பால் பெட்டியின்ர அடியை வெட்டிப்போட்டு, மண் போட்டு, கம்பி வலையில நிப்பாட்டி, வலையைச் செங்கல்லில தூக்கி வைக்கிறம். வேர்முனை வலைக்குக் கீழ காத்தில வந்ததும் காய்ஞ்சு நிண்டிடும், மேல பக்கவேர் நிறைய விடும். இதுக்குச் சொல் தாங்கோ. பத்து வயசுப் பிள்ளைக்கு விளங்கோணும்.

குன்னூர்:

டீச்சர், "காற்றுக் கவாத்து"ன்னு போடுங்க. தேயிலையோ கொய்யாவோ திராட்சையோ, கிளைய வெட்டி விடுறத தோட்டத்துல எல்லாரும் கவாத்துன்னுதான் சொல்றோம். காற்றுங்கறது வன்தொடர்க் குற்றியலுகரம், அதனால நடுவுல க் கட்டாயம் வரணும்.

மதுரை:

கவாத்து உருதுச் சொல் ஐயா, படைப்பயிற்சிக்கும் அதே சொல்தான் இருக்கு. இருக்கிற தமிழை விட்டுட்டு அதை ஏன் பிள்ளைங்க கையில கொடுக்கணும்? மரத்தை வெட்டுறதுக்குத் தறித்தல்னு சொல் இருக்கு, யாழ்ப்பாணத்துல இன்னிக்கும் மரம் தறிக்கிறாங்க, டீச்சருக்கே தெரிஞ்சிருக்கும். "வளித்தறிப்பு"ங்கறது என் முன்மொழிவு. கரிகாலனைப் பாடுற புறநானூறு 66ல "வளிதொழில் ஆண்ட"ன்னு வருதே, கடல்ல காத்தை வேலை வாங்கினவன்னு பொருள், வேரடியில காத்தை வேலை வாங்குறதுக்கு இதைவிடப் பொருத்தமா எங்க போய் தேடுறது?

ஹட்டன்:

மலையகத்துல நாங்க சொல்றது கவ்வாத்து, வ் இரட்டிச்சு. தேயிலைய கவ்வாத்து வெட்டுறதுன்னுதான் பரம்பரையா சொல்றாங்க. வேலை செஞ்ச சனத்தோட வாயில இருந்த சொல்ல உருதுன்னு தள்ளாதீங்க.

குன்னூர்:

வ் இரட்டிக்குதுன்னா கவை, கவ்வு பக்கம் பார்க்கலாமே. கவைங்கறது கிளை பிரியற இடம், அந்த இடத்துலதான் வெட்டுறோம். படைக் கவாத்து வேற, செடிக் கவாத்து வேற, ரெண்டும் ஒலியில வந்து சேர்ந்துக்கிச்சுன்னுதான் நான் நினைக்கிறேன்.

மதுரை:

கவைல இருந்து "ஆத்து" எப்படி வரும்? அந்த விகுதிக்கு இன்னொரு எடுத்துக்காட்டு காட்டுங்க.

சென்னை:

நடுவுல வந்ததுக்கு மன்னிக்கணும், ஓக்குக்கே என்ன எழுதப்போறீங்க? பழைய பைபிள் மொழிபெயர்ப்புல கர்வாலி மரம். நாட்டு மருந்துக் கடையில விக்கிற மாசிக்காயும் ஒரு ஓக் இனத்துல வர்றதுதான், குழந்தைக்கு உரசிக் கொடுப்போமே அதுதான். ஆனா பேருதான் காய், உண்மையில அது ஒரு குளவி முட்டையிட்டு மரத்துல உண்டாகிற புடைப்பு, அதனால ஓக் கொட்டைய மாசிக்காய்னு எழுதிடாதீங்க. மலைத் தோட்டங்கள்ல நிக்கிற சில்வர் ஓக்கும் ஓக் இல்ல, ஆஸ்திரேலியா மரம்.

இன்னொண்ணு, காத்து எதையும் வெட்டலையே. முனை ஈரம் இல்லாம காய்ஞ்சு வளர்ச்சி நின்னுடுது, அவ்வளவுதான். தறிப்பு, கத்தரிப்பு, கவாத்து மூணுமே கத்திய நினைக்க வைக்குது, பிள்ளை கத்தரிக்கோல எடுத்துட்டு வரும். "வேர்முனை உலர்த்தல்"னு நடக்கிறதையே சொல்லலாமே. கருகல் மட்டும் வேண்டாம், இலைக்கருகல் மாதிரி நோய்னு ஆயிடும்.

குன்னூர்:

உலர்த்தல்னா கொட்டையக் காயவைக்கணும்னு யாராவது எடுத்துக்குவாங்க அம்மா, அது பெரிய ஆபத்து. ஓக் கொட்டை நெல்லு மாதிரி காயவெச்சு சேமிக்கிற விதை கிடையாது, காய்ஞ்சா செத்துடும். சிவப்பு ஓக் கொட்டைய ஈர மணல்ல ஃப்ரிட்ஜ்ல கிட்டத்தட்ட 3 மாசம் வெச்சாதான் முளைக்கும், வெள்ளை ஓக் வகை விழுந்த கையோட அந்த இலையுதிர் காலத்துலயே வேர் விட்டுடும். ஒரே தாள்ல ரெண்டு இடத்துல உலர்த்தல் வந்தா குழப்பம்.

ரொறன்ரோ:

எல்லாருக்கும் நன்றி, இனி அச்சுக்குக் குடுக்கோணும். எங்கட வீட்டில கத்தரிக்கிறது எண்டுதான் சொல்லுறது, ஆனா கவாத்தை குன்னூரும் ஹட்டனும் சொல்லுறதால அதையே எடுக்கிறன்: "காற்றுக் கவாத்து: வேர்முனை காற்றில் காய்ந்து நின்று, பக்கவேர்கள் பிரிதல்." ஓக், ஓக்தான். கொட்டையைக் காயவிடாதேங்கோ எண்டது பெரிய எழுத்தில போகுது.

மதுரை:

சரிங்க, இந்தத் தாளுக்கு அப்படியே போகட்டும். என் ஓட்டு வளித்தறிப்புக்குத்தான். விளக்கத்தை எப்படியும் கீழ எழுதுறீங்க, அப்ப மேல எந்தச் சொல் இருந்தாலும் பிள்ளை கத்துக்கும், அந்த இடத்துல தமிழ்ச்சொல் இருந்திருக்கலாம். அடுத்து வேர் சுருள்றதுக்கு என்ன போட்டிருக்கீங்க?