ஒரே நாடு ஒரே சந்தா வந்தபிறகு நூலகக் களஞ்சியம் எதற்கு?

தாமிரபரணி_12:
எங்கள் பல்கலைக்கழக நூலகத்திலிருந்து மாதம் தவறாமல் ஒரு மின்னஞ்சல் வருகிறது. வெளியான கட்டுரைகளின் படியை நூலகத்தின் இணையக் களஞ்சியத்தில் ஏற்றுங்கள், ஓப்பன் ஆக்சஸுக்கு, அதாவது ஆய்வுக் கட்டுரைகளை யாரும் காசில்லாமல் படிப்பதற்கு, உதவுங்கள் என்று. 2025 ஜனவரியில், ஆய்விதழ்களுக்கு மத்திய அரசே மொத்தமாகச் சந்தா கட்டும் ஒரே நாடு ஒரே சந்தா திட்டம் வந்துவிட்டது, 30 பதிப்பாளர்கள், கிட்டத்தட்ட 13,000 இதழ்கள், வேண்டியதைத் திறந்து படிக்கிறேன். பிறகும் நான் ஏன் உட்கார்ந்து கோப்பு ஏற்றிக்கொண்டிருக்க வேண்டும்? நூலகத்துக்கு அறிக்கையில் காட்ட ஏதாவது வேண்டும் என்பதைத் தவிர வேறு காரணம் இருந்தால் சொல்லுங்கள்.

அலமாரி:
நான் நூலகர்தான், அந்த மாதிரி மின்னஞ்சல் அனுப்புகிற ஆள். நீங்கள் திறந்து படிப்பது உண்மை, ஆனால் அது வாடகை வீடு. மத்திய அமைச்சரவை 2024 நவம்பரில் ஒப்புதல் கொடுத்தது 6,000 கோடி ரூபாய்க்கு, 2025, 2026, 2027 என மூன்றே ஆண்டுகளுக்கு. அதற்குப் பிறகு பதிப்பாளர் என்ன விலை கேட்பார் என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அப்புறம், முதல் கட்டத்தில் இது அரசு நிறுவனங்களுக்கு மட்டும். உங்கள் வளாகத்துக்கு எதிரே இருக்கும் சுயநிதிக் கல்லூரிப் பிள்ளைகள் நீங்கள் எழுதியதையே படிக்க முடியாது, அது தெரியுமா?

சுயநிதி_ஸ்காலர்:
அந்த எதிர்ப்பக்கக் கல்லூரியில்தான் நான் இருக்கிறேன். முன்பு பதிப்பாளர் அனுமதி இல்லாமல் கட்டுரைகளை இலவசமாகத் தரும் சை-ஹப் தளம் இருந்தது, அதையும் 2025 ஆகஸ்டில் டெல்லி உயர்நீதிமன்றம் முடக்கச் சொல்லிவிட்டது. இப்போது அரசுப் பல்கலையில் இருக்கும் நண்பனுக்கு வாட்ஸ்அப்பில் தலைப்பை அனுப்பிவிட்டுக் காத்திருக்கிறேன், அவன் திருமண வீட்டில் இருந்தால் என் ஆய்வுக்கும் அன்று விடுமுறை. தாமிரபரணி அண்ணா, உங்கள் கட்டுரை களஞ்சியத்தில் இருந்தால் கூகுள் ஸ்காலரில் தேடும்போதே எனக்குக் கிடைக்கும்.

முனைவர்_கடுப்பு:
எல்லோரும் ஓப்பன் ஆக்சஸ் என்று பஜனை பாடுகிறீர்கள். 20 வருடமாக இந்தத் துறையில் இருந்து பார்க்கிறேன், நடந்தது என்ன? படிக்கிறவனிடம் வாங்கிய காசை எழுதுகிறவனிடம் வாங்க ஆரம்பித்தார்கள், அவ்வளவுதான். நேச்சர் இதழில் கட்டுரையைத் திறந்து வைக்க 9,500 யூரோ என்று 2020இல் அறிவித்தபோது என் ஆண்டுச் சம்பளத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு மடிக்கணினியை மூடிவிட்டேன். இந்த ஒரே சந்தாத் திட்டத்திலேயே வெளியீட்டுக் கட்டணத்துக்கென்று ஆண்டுக்கு 150 கோடி ஒதுக்கியிருக்கிறார்கள். நூலகங்கள் இதற்குத் துணை போவது பதிப்பாளருக்கு இரண்டாவது கல்லாப்பெட்டி திறந்து கொடுக்கிற வேலை.

அலமாரி:
சார், நீங்கள் திட்டுவது சரி, ஆனால் தவறான ஆளைத் திட்டுகிறீர்கள். நான் கேட்பது கட்டணம் கட்டிய கட்டுரையை அல்ல. மதிப்பீட்டாளர்கள் சொன்ன திருத்தங்களை முடித்து நீங்கள் கடைசியாக அனுப்பினீர்களே, அந்த வேர்டு கோப்பு. பதிப்பாளர் அழகுபடுத்திய பிடிஎஃப் வேண்டாம். பெரும்பாலான இதழ்கள் இந்தப் படியை, சிலது உடனேயும் சிலது ஓராண்டு இரண்டாண்டு கழித்தும், நிறுவனக் களஞ்சியத்தில் வைக்க விடுகின்றன. எந்த இதழ் எத்தனை மாதம் என்பதை, இதழ்களின் விதிகளைத் திரட்டித் தரும் ஓப்பன் பாலிசி ஃபைண்டர் (முன்பு ஷெர்பா ரோமியோ) தளத்தில் பார்த்துச் சொல்வது என் வேலை, உங்களுடையது அல்ல. காசு? ஒரு பைசா இல்லை. களஞ்சியத்தை நடத்தும் டிஸ்பேஸ் மென்பொருள் அமெரிக்காவின் எம்.ஐ.டி. நூலகமும் ஹெச்பியும் சேர்ந்து 2002இல் வெளியிட்டது, இலவசம்.

முனைவர்_கடுப்பு:
இலவச மென்பொருள், சரி. அது ஓடுகிற சர்வர்? அதைப் பார்த்துக்கொள்கிற ஆள்? நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் களஞ்சியத்தைத் துணைவேந்தர் ரிப்பன் வெட்டித் திறந்தார், அடுத்த பருவம் முடிவதற்குள் பக்கம் திறக்கவில்லை. கேட்டால், பார்த்துக்கொண்ட ஒப்பந்த ஊழியரின் ஒப்பந்தம் முடிந்துவிட்டதாம். நூலகர் பணியிடங்களையே நிரப்பாத ஊரில் இதெல்லாம் படம் காட்டுவதற்கு.

தாமிரபரணி_12:
இதுதான் என் பயமும். இரண்டு வருடத்தில் காணாமல் போகிற இடத்தில் ஏன் ஏற்ற வேண்டும்?

அலமாரி:
ஆள் இல்லை என்பதை மறுக்கவே மாட்டேன், என் நூலகத்திலும் அதே கதைதான். ஆனால் ஓடுகிற இடங்களும் இருக்கின்றன. பெங்களூர் இந்திய அறிவியல் கழகம் 2002இலேயே தன் களஞ்சியத்தைத் தொடங்கியது, இன்றும் ஓடுகிறது. ரூர்கேலா என்.ஐ.டி. 2006இல் ஆசிரியர்கள் கட்டாயம் ஏற்ற வேண்டும் என்று விதியே போட்டது. முனைவர் பட்ட ஆய்வேடுகளுக்கு ஷோத்கங்கா என்ற தேசியக் களஞ்சியம் இருக்கிறதே, 2009 யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) விதிமுறை மட்டும் வரவில்லையென்றால் அந்த லட்சக்கணக்கான ஆய்வேடுகள் எந்த பீரோவில் கரையானுக்குப் போயிருக்கும்? அதையெல்லாம் ஏற்றிவிட்டது பெரும்பாலும் அந்தந்தப் பல்கலை நூலக ஊழியர்கள்தான், பெயர் எங்கும் வராது.

சுயநிதி_ஸ்காலர்:
கலிபோர்னியா பல்கலைக்கழகம் எல்சவியர் என்ற பெரிய பதிப்பாளரோடு சந்தா விஷயத்தில் சண்டை போட்டதே, நம் நூலகங்கள் அப்படிச் செய்தால் என்ன?

முனைவர்_கடுப்பு:
தம்பி, அது யானை. அமெரிக்க ஆய்வுக் கட்டுரைகளில் கிட்டத்தட்ட பத்தில் ஒன்று அங்கிருந்து வருகிறது. ஆண்டுக்குச் சுமார் 1.1 கோடி டாலர் கட்டிக்கொண்டிருந்தவர்கள் 2019 பிப்ரவரியில் எழுந்து வெளியே போனார்கள், 2021 மார்ச்சில் எல்சவியர் இறங்கி வந்தது. நம்மில் ஒரு மாநிலப் பல்கலை எழுந்து போனால் பதிப்பாளர் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்.

அலமாரி:
ஒரு பல்கலை போனால் பார்க்க மாட்டார். ஆனால் 6,300க்கு மேற்பட்ட நிறுவனங்களுக்குச் சேர்த்து ஒரே கையெழுத்துப் போட்டபோது நாமும் யானையாகத்தான் இருந்தோம் சார். அந்த மேசையில் வைத்து, இந்திய ஆசிரியர்களின் ஏற்கப்பட்ட படியை, அதாவது நான் சொன்ன அந்தக் கடைசி வேர்டு கோப்பை, காத்திருப்புக் காலம் எதுவும் இல்லாமல் திறந்து வைப்போம் என்று ஒரு நிபந்தனையை வாங்கியிருக்கலாம். மத்திய அரசின் டிபிடி (உயிரித் தொழில்நுட்பம்), டிஎஸ்டி (அறிவியல் தொழில்நுட்பம்) துறைகள் 2014 டிசம்பரிலேயே தங்கள் நிதியில் நடந்த ஆய்வுகளைக் களஞ்சியத்தில் வைக்கச் சொல்லிக் கொள்கை வெளியிட்டுவிட்டன. கையில் கொள்கையை வைத்துக்கொண்டு பையில் பணத்தையும் வைத்துக்கொண்டு, பெரும்பாலும் படிக்கும் உரிமைக்கே 6,000 கோடி, எனக்கு அதுதான் வயிற்றெரிச்சல்.

இதழாசிரியர்_கோவை:
நடுவில் நுழைகிறேன். நான் ஒரு துறை சார்ந்த ஆய்விதழை நடத்துகிறேன், எழுதுகிறவரிடமும் வாங்குவதில்லை, படிக்கிறவரிடமும் வாங்குவதில்லை. இதழ் நடத்துவதற்கான ஓஜேஎஸ் என்ற இலவச மென்பொருள், எங்கள் கல்லூரி நூலகம் கொடுத்த சர்வர் இடம், அவ்வளவுதான் முதலீடு. உங்கள் சண்டையில் இப்படிப்பட்ட இதழ்களை யாரும் நினைக்கவே இல்லை. அந்த 150 கோடியில் ஒரு துளியை நூலகங்கள் வழியாக எங்களைப் போன்றவர்களுக்குக் கொடுத்தால் போதும்.

முனைவர்_கடுப்பு:
உங்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் காசு வாங்கிக்கொண்டு இரண்டே நாளில் ஏற்றுவிடுகிற இதழ்களும் "நாங்களும் ஓப்பன் ஆக்சஸ்" என்றுதான் பலகை மாட்டுகின்றன. நம்பகமான இதழ்கள் எவை என்று சொன்ன யுஜிசி கேர் பட்டியலையும் 2025இல் நிறுத்திவிட்டார்கள். பிள்ளைகள் எதை நம்புவது?

இதழாசிரியர்_கோவை:
அதைப் பிரித்துச் சொல்லத்தான் நூலகர் வேண்டும். பட்டியலை நம்பிய காலத்திலும் போலி இதழ்கள் பட்டியலுக்குள் புகுந்தனவே.

தாமிரபரணி_12:
சரி, என்னுடைய 2 கட்டுரைகளின் கடைசி வேர்டு கோப்பு இன்னும் மின்னஞ்சலில் கிடக்கும், தேடி அனுப்புகிறேன். சர்வர் படுத்தால்?

அலமாரி:
ஒரு படியை ஸெனோடோ என்ற பொது இணையக் களஞ்சியத்திலும் வையுங்கள். ஐரோப்பாவின் செர்ன் இயற்பியல் ஆய்வகம் 2013இலிருந்து நடத்துகிறது, யாரும் ஏற்றலாம். இதழின் நிபந்தனையை முதலில் நான் பார்த்துச் சொல்கிறேன்.

முனைவர்_கடுப்பு:
இவர் ஒருவர் அனுப்புவார். பதவி உயர்வுக்கான குழு இதைக் கேட்காதவரை மற்றவர்கள் உங்கள் மின்னஞ்சலைத் திறக்கக்கூட மாட்டார்கள்.

அலமாரி:
பெல்ஜியத்தில் லியேஜ் பல்கலைக்கழகம் அதைத்தான் செய்தது. ஓர்பி என்ற நூலகக் களஞ்சியத்தில் இருக்கும் கட்டுரைகளை மட்டும்தான் பதவி உயர்வுக்குக் கணக்கில் எடுப்போம் என்றது. ஏற்றாமல் யார் இருப்பார்கள்?

முனைவர்_கடுப்பு:
நல்ல யோசனை. அப்படி ஒரு ஆணையில் கையெழுத்துப் போட வேண்டியவர் துணைவேந்தர். எங்கள் பல்கலையில் அந்த நாற்காலி காலி.

அலமாரி:
எங்களுடையதிலும்.