வேளச்சேரியில் பழைய வீடு: கட்டடத்தைப் பார்த்துச் சொல்ல ஆள் வேண்டும்

வணக்கம். 1988-ல் கட்டிய தனி வீடு ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. பட்டா, தாய்ப் பத்திரம், 30 வருட வில்லங்கச் சான்று எல்லாம் வக்கீல் பார்க்கிறார், அதில் கவலையில்லை. பயம் கட்டடத்தில்தான். சீலிங்குக்கு மட்டும் புது பெயிண்ட். பாத்ரூமுக்குக் கீழே வரும் சீலிங்கைத் தட்டினால் உள்ளே காலியாக இருப்பது போல் சத்தம். கம்பி துருப்பிடித்து கான்கிரீட்டைப் பிளந்துகொண்டிருந்தாலும் மேல்பூச்சு மறைத்துவிடுமே! 2015 வெள்ளத்தில் தண்ணீர் எதுவரை ஏறியது என்று கேட்டால் ஓனரிடம் பதிலில்லை. ரோடு மேல் ரோடு போட்டு, வீடு தெருவைவிடத் தாழ்ந்து கிடக்கிறது.

ரீபவுண்ட் ஹாமர் டெஸ்ட் (சுத்தியல் போன்ற கருவியை கான்கிரீட்டில் அழுத்தி அதன் பலத்தைக் கணிக்கும் சோதனை) செய்து, உள்ளதை உள்ளபடி எழுதித் தரும் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் யாரையாவது தெரிந்தால் சொல்லுங்கள். வயரிங், செப்டிக் டேங்க் தவிர வேறு எதைப் பார்க்க வேண்டும்? அட்வான்ஸ் கொடுப்பதற்குள் தெரிந்தாக வேண்டும்.