பொண்ணுங்க ரக்பி கிளப்ல ஏன் எப்பவும் எம்என்டி, மார்பகப் புற்றுநோய்னே வசூல் பண்றாங்க?

லீட்ஸ்_அம்மா:
வணக்கம். நாங்க லீட்ஸ்ல இருக்கோம், பொண்ணு யூனிவர்சிட்டில சேர்ந்த கையோட ரக்பி டீம்லயும் சேர்ந்துட்டா, முதல்ல வயித்தக் கலக்குச்சு, இப்ப பழகிருச்சு. மேட்ச் பாக்கப் போனா எப்பவும் ஒரு உண்டியல் பக்கெட் சுத்துது, ஓரமா மேசை போட்டு கேக் விக்கிறாங்க. ஒரு தடவை எம்என்டி (மோட்டார் நியூரான் நோய், தசைய இயக்குற நரம்பு செத்துப்போறது), ஒரு தடவை மார்பகப் புற்றுநோய், அடுத்து மனநலம். உலகத்துல வேற கஷ்டமே இல்லையா? எம்என்டி அவ்ளோ பரவலா வர்ற நோயும் இல்லையே. இவகிட்ட கேட்டா "அது அப்டித்தாம்மா"ங்கிறா.

ஹெடிங்லி_ரசிகன்:
அக்கா, லீட்ஸ்லயே இருந்துகிட்டு இதைக் கேக்கலாமா 😀 ராப் பர்ரோ உங்க ஊரு ஹீரோ. லீட்ஸ் ரைனோஸ் ரக்பி டீம்ல 7ம் நம்பர், அஞ்சரை அடி கூட கிடையாது, மலை மாதிரி ஆளுங்க நடுவுல புகுந்து ஓடுவாரு. 2019 டிசம்பர்ல எம்என்டின்னு சொல்லிட்டாங்க, அப்ப வயசு 37. கைகால் போயி, பேச்சும் போயி, கடைசில கண்ணசைவ வச்சு கம்ப்யூட்டர்ல பேசுனாரு. கூட ஆடுன கெவின் சின்ஃபீல்ட் 2020ல 7 நாள் 7 மாரத்தான் ஓடுனாரு, 77,777 பவுண்ட் கிடைச்சா போதும்னு ஆரம்பிச்சது 20 லட்சம் பவுண்டத் தாண்டிருச்சு. ராப் 2024 ஜூன்ல போயிட்டாரு. ராப் ஆடுனது லீக் ரக்பி, இன்னொரு வகையான யூனியன் ரக்பில ஸ்காட்லாந்தோட டாடி வெயர், ஆறரை அடி ஆளு, அவருக்கும் இதே நோய்தான், 2022ல இறந்தாரு. ரெண்டு பேரையும் ஆடும்போது கண்ணால பாத்த சனம் இது. ஆம்பள டீம் பொம்பள டீம்னு இதுல என்ன இருக்கு, ஒரே கிளப், ஒரே பார்.

பிசியோ_மலர்:
அது சரி, ஆனா பொண்ணுங்க பக்கம் தனியா ஒரு காரணமும் இருக்கு. 2022ல கிளாஸ்கோல ஒரு ஆய்வு வந்துச்சு, ஸ்காட்லாந்துக்கு ஆடுன 412 பழைய பிளேயர்ஸ், மூளை நரம்பு தேயுற நோய்கள் மத்தவங்கள விட ரெண்டரை மடங்கு. எம்என்டி அதைவிட ரொம்பவே ஜாஸ்தி, ஆனா ஆளுங்க எண்ணிக்கை கம்மி, அதனால ரக்பிதான் காரணம்னு அடிச்சுச் சொல்ல முடியாது. விஷயம் என்னன்னா அந்த 412 பேர்ல ஒரு பொண்ணு கூட இல்ல. தலையில அடிபட்டா பொண்ணுங்களுக்கு கன்கஷன் (மூளை அதிர்ச்சி) வர வாய்ப்பு கூடங்கிறாங்க, ஆனா அவங்களப் பத்தி நீண்டகாலக் கணக்கு எங்க? 2025 பெண்கள் உலகக் கோப்பைல மௌத்கார்டு (பல்லுக்கு மாட்டுற கவசம்) சிவப்பா மின்னுனதப் பாத்தீங்களா, பலமா அடி விழுந்தா எரியும், உடனே வெளிய கூப்பிட்டு செக் பண்ணுவாங்க. இதெல்லாம் இப்பதான் வருது. தனக்குன்னு யாரும் ஆராய்ச்சி பண்ணலேன்னா தானேதான் பக்கெட் தூக்கணும்.

வெட்டிப்பேச்சு_வேலு:
நான் கொஞ்சம் கசப்பா சொல்றேன், கோச்சுக்காதீங்க. ஆட்டமே தலைய உடைக்குது, அப்புறம் அதுக்கே உண்டியல் குலுக்குறது. 2003ல உலகக் கோப்பை ஜெயிச்ச இங்கிலாந்து டீம்ல ஆடுன ஸ்டீவ் தாம்சன் அந்த ஃபைனலே ஞாபகம் இல்லேங்கிறாரு, அவரும் இன்னும் பல பேரும் ரக்பி போர்டுங்க மேல கேஸ் போட்ருக்காங்க. கேக் வித்த காசுல தீர்ற விஷயமா இது? போர்டு குடுக்க வேண்டிய காசு.

ஹூக்கர்_நிலா:
வேலு அண்ணா, போர்டு குடுக்கணும்ங்கிறது சரிதான், அதுக்காக நாங்க கைய கட்டிட்டு நிக்கணுமா. நான் ஒரு யூனிவர்சிட்டி டீம்ல ஆடுறேன். எங்க கிளப்ல வருஷ ஆரம்பத்துல ஓட்டு போட்டுத்தான் எந்த சாரிட்டின்னு முடிவு பண்றது, பேர முன்மொழியுறவங்க ஏன்னு ரெண்டு வரி பேசணும். போன தடவை எங்க டீம்ல ப்ராப் (முன்வரிசை) இடத்துல ஆடுற ஒருத்தி எழுந்து "எங்கம்மாவுக்கு போன மாசம் ஆபரேஷன் ஆச்சு"ன்னா, அவ்ளோதான், வேற பேரே வரல. மார்பகப் புற்றுநோய் அப்டித்தான் வந்துச்சு. காபாஃபீல்னு ஒரு அமைப்பு, அத ஆரம்பிச்ச பொண்ணுக்கே 23 வயசுல அந்த நோய், அதனால காலேஜ் பொண்ணுங்ககிட்டதான் அவங்க முதல்ல பேசுறது. இன்னொண்ணு, டாக்கிள்ல, அதாவது எதிராளிய மடக்கிப் பிடிக்கும்போது, நெஞ்சுல அடி வாங்குறது எங்களுக்கு சகஜம், ஆஸ்திரேலியாவுல கேட்டுப் பாத்ததுல பாதிப் பேருக்கு மேல அடி பட்ருக்கு, ஆனா கோச்கிட்ட சொன்னவங்க ரொம்பக் கம்மி. வெக்கம்தான். அந்த ஸ்டால் போட்டா காசு வருதோ இல்லையோ, டிரெஸ்ஸிங் ரூம்ல பேச்சாவது வருது. மனநலமும் அதே கதைதான், காயம் பட்டு ஒரு சீசன் உக்காந்தவளுக்குத் தெரியும்.

லீட்ஸ்_அம்மா:
ஓட்டு போடுறாங்கன்னு இவ சொல்லவே இல்ல பாருங்க! சரிம்மா நிலா, அந்த பக்கெட்ல போடுற காசு ஒழுங்கா போய்ச் சேருமா?

ஹூக்கர்_நிலா:
பக்கெட்ல சீல் இருக்கா, சாரிட்டி நம்பர் ஒட்டிருக்கான்னு பாருங்க ஆன்ட்டி, நம்பர வச்சு சாரிட்டி கமிஷன் சைட்ல தேடலாம். பெரிய தொகைன்னா ஆன்லைன்ல கட்டி கிஃப்ட் எய்ட் டிக் பண்ணுங்க, நீங்க வரி கட்டுறவங்களா இருந்தா ஒவ்வொரு பவுண்டுக்கும் அரசாங்கம் 25 பென்ஸ் சேத்துக் குடுக்கும்.