மூன்று ஹைசேர் (குழந்தையை உட்காரவைத்து ஊட்டும் உயர நாற்காலி) வேண்டும், மெத்தை வேண்டாம்!

சேலம் அஸ்தம்பட்டியில் வீட்டிலேயே குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறேன். இப்போது நான்கு பேர், எட்டு மாதத்திலிருந்து இரண்டு வயது வரை. மடியில் ஒன்று, பாயில் மூன்று என்று ஊட்டி ஊட்டி இடுப்பு விட்டுப்போச்சு.

போன வருடம் ஆன்லைனில் ஒரு ஹைசேர் வாங்கி ஏமாந்தேன். பஞ்சு மெத்தை, சக்கரம், தொங்குகிற பொம்மை எல்லாம் உண்டு. பருப்பு சாதம் தையல் இடுக்கில் புகுந்து இரண்டே நாளில் நாற்றம். மெத்தையைத் துவைத்தால் காய ஒரு நாள், அதுவரை நாற்காலி சும்மா கிடக்கும். ஒற்றைக் குழந்தை வீட்டுக்கு அது சரி. எனக்கு ஈரத்துணியால் ஒரு துடை, அவ்வளவுதான் நேரம்.

ஐக்கியா கம்பெனியின் ஆன்டிலோப் ஹைசேர் மாதிரி வெறும் பிளாஸ்டிக் இருக்கை, கழற்றி வைக்கிற கால் என்றால் வசதி. ஆனால் அதில் பாதம் ஊன்றப் பலகை கிடையாது. கால் தொங்கினால் எங்கள் வாண்டு ஒருவன் நெளிந்துகொண்டே இருப்பான், ஒரு வாய் இறங்காது. தனியாகப் பலகை மாட்டியவர்கள் இருக்கிறீர்களா?

பெல்ட்டில் மட்டும் சமரசம் இல்லை. தோள், இடுப்பு, தொடையிடுக்கு மூன்றையும் பிடிக்க வேண்டும். முன்னாலிருக்கும் ட்ரே மட்டும் தாங்காது, குழந்தை கீழே வழுக்கிவிடும்.

ஒன்றுக்கு 2,500 ரூபாய் வரை தரலாம். சேலத்தில் நேரில் உட்காரவைத்துப் பார்த்து வாங்குகிற கடை எது? பழையதாக இருந்தாலும் சரி, பெல்ட்டும் பூட்டும் உடையாமல் இருந்தால் சொல்லுங்கள், வந்து எடுத்துக்கொள்கிறேன்.