உதகைக் குளிரில் எச்எல்ஏ-ஏ2 கனச்சங்கிலி மடிய மறுக்கிறது: உதவி தேவை

கேள்வி (உதகையிலிருந்து)

வணக்கம். வைரஸ் பெப்டைடுகளை டி செல்களுக்கு ஏந்திக் காட்டும் எச்எல்ஏ-ஏ*02:01 (சுருக்கமாக ஏ2) புரதத்தின் இரு சங்கிலிகளை, அதாவது பெரிய கனச்சங்கிலியையும் சிறிய பீட்டா-2 மைக்ரோகுளோபுலினையும், ஈ.கோலை பாக்டீரியாவில் தயாரித்து, பெப்டைடுடன் சேர்த்துச் சரியான வடிவில் மடிய வைத்து, பின்னர் நான்கு நான்காக இணைத்த டெட்ராமராக மாற்றுவது என் ஆய்வின் முதல் படி. சென்ற ஆண்டு கோவையில் முதல் முயற்சியிலேயே பலித்த அதே செய்முறை, உதகைக்கு மாறி வந்த பின் நான்கு முறை தோற்றுவிட்டது.

ஒரு லிட்டர் பஃபரில் 100 மில்லிமோலார் டிரிஸ், 400 மில்லிமோலார் ஆர்ஜினின், 2 மில்லிமோலார் ஈடிடிஏ, 5 மில்லிமோலார் ஒடுக்கப்பட்ட குளுட்டாதையோன், 0.5 மில்லிமோலார் ஆக்சிஜனேற்றப்பட்ட குளுட்டாதையோன் ஆகியவற்றைச் சேர்க்கிறேன். அதில் 10 மைக்ரோமோலார் பெப்டைடு, 2 மைக்ரோமோலார் பீட்டா-2 மைக்ரோகுளோபுலின், கடைசியாக 1 மைக்ரோமோலார் கனச்சங்கிலி என்ற வரிசையில் விட்டு, 10 டிகிரியில் மூன்று நாள் கலக்குகிறேன். இரண்டாம் நாளே வெண்ணிற நூல்கள் மிதக்கின்றன. புரதங்களை அளவு வாரியாகப் பிரிக்கும் ஜெல் வடிகட்டலில், ஒன்றோடொன்று ஒட்டித் திரண்ட புரதத்தின் முகடு பெரிதாகவும், 12 கிலோடால்டனில் தனித்து நிற்கும் மைக்ரோகுளோபுலின் தெளிவாகவும் வருகின்றன. சரியாக மடிந்த முழுக் கூட்டுக்கு 45 கிலோடால்டனில் வரவேண்டிய முகடோ கோட்டின் மேல் ஒரு மேடு போலத்தான் தெரிகிறது.

பதில் (குன்னூரிலிருந்து)

மைக்ரோகுளோபுலின் தனியாகவே மடிந்துவிடும் என்பதால், அதன் முகடு தெரிவதை வைத்து பஃபர் சரி என்று முடிவு கட்ட இயலாது. எந்தப் பெப்டைடு? ஏ2-வின் பள்ளத்தில் பெப்டைடின் இரண்டாம் இடத்தில் லியூசினோ அதைப் போன்ற அமினோ அமிலமோ, கடைசி இடத்தில் பெரும்பாலும் வேலினோ லியூசினோ அமர வேண்டும். கனச்சங்கிலியை எதில், எப்படிக் கரைக்கிறீர்கள் என்பதையும் விரிவாக எழுதுங்கள்.

கேட்டவர்

சைட்டோமெகலோவைரஸின் பிபி65 புரதத்தில் 495 முதல் 503 வரையிலான ஒன்பது அமினோ அமிலங்கள் கொண்ட பெப்டைடு. ஒப்பீட்டுக்காக இன்ஃப்ளுயென்சா எம்1 புரதத்தின் 58 முதல் 66 வரையிலான பெப்டைடையும் வைத்தேன். இரண்டும் ஏ2-வுக்கு நன்கு அறியப்பட்டவை. இரண்டிலும் அதே தோல்விதான். கனச்சங்கிலி ஜெல்லில் 32 கிலோடால்டனில் ஒரே பட்டையாக வருகிறது. பாக்டீரியாவுக்குள் கனச்சங்கிலி திரண்டு கிடக்கும் இன்குளூஷன் பாடிகளை 8 மோலார் யூரியாவில் கரைக்கிறேன். இங்கே காலையில் ஆய்வகத்துக்குள்ளேயே 11 டிகிரிதான் இருக்கிறது. யூரியாவைப் போட்டதும் பீக்கரின் வெளிப்புறம் வியர்த்துக் கை சில்லிடுகிறது, அடியில் படிகம் கரையாமல் நிற்கிறது. அதனால் சூடேற்றும் தட்டில் 60 டிகிரி வரை கொண்டு போகிறேன். புரதம் கரைந்த குப்பியிலும் இரவில் ஊசி ஊசியாகப் படிகம் படர்வதால், மறுநாள் அதையும் அவ்வாறே சூடாக்கித் தெளிய வைக்கிறேன்.

பதில் (கொடைக்கானலிலிருந்து)

தவறு அங்கேதான் இருக்கிறது என்று உறுதியாக நினைக்கிறேன். யூரியாக் கரைசலில் சயனேட் எப்போதும் சிறிது இருக்கும். சூடும் காலமும் கூடக்கூட அது பெருகி, லைசின்களிலும் புரதத்தின் அமினோ முனையிலும் ஒட்டிக்கொள்ளும். ஒவ்வோர் ஒட்டலும் 43 டால்டன் மட்டுமே கூட்டுவதால் உங்கள் ஜெல்லுக்கு அது தெரியாது. நிறைமாலைமானிக்கு மட்டுமே தெரியும். புரதத்தையும் சேர்த்துச் சூடாக்கியது இந்தச் சேதத்தை இன்னும் பெரிதாக்கியிருக்கும். டெட்ராமருக்கான பயோட்டின் குறிச்சொல்லிலும் பயோட்டினை ஏற்பது ஒரே ஒரு லைசின்தான் என்பதை நினைவில் வையுங்கள். அது அடைபட்டால், மடிந்து வந்த சிறு பங்கும், பயோட்டினைப் பிடித்து நான்கு மூலக்கூறுகளை இணைக்கும் ஸ்ட்ரெப்டாவிடினில் ஏறாது. இருக்கும் கனச்சங்கிலியை மீட்க முயல வேண்டாம்.

புதிய இன்குளூஷன் பாடியை 6 மோலார் குவானிடின் ஹைட்ரோகுளோரைடில் கரையுங்கள். அது நம் மலைக் குளிரிலும் படிகமாகாது, சயனேட்டும் தராது. ஆனால் அந்த மாதிரியை நேரே எஸ்டிஎஸ் ஜெல்லில் ஏற்றாதீர்கள், குவானிடின் எஸ்டிஎஸ்ஸுடன் சேர்ந்து வெண்மையாகத் திரண்டுவிடும்.

இன்னொன்று: டிரிஸின் பிஹெச் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.028 மாறும். செய்முறையில் 25 டிகிரியில் 8.0 என்று வைத்தால், 10 டிகிரியில் அது 8.4-ஐ நெருங்கும். நீங்கள் 11 டிகிரியிலேயே 8.0 வைப்பதால், அந்த அளவுக்கு எட்டுவதே இல்லை. கனச்சங்கிலியின் இரண்டு டைசல்ஃபைடுப் பிணைப்புகள் (கந்தக அணுக்களுக்கு இடையிலான பாலங்கள்) சரியான இணையைத் தேடி மாறிக்கொள்வது அதனால் மந்தமாகும். இது துணைக் காரணமே என்றாலும், திருத்திவிடுவது நல்லது.

கேட்டவர் (மூன்று வாரங்களுக்குப் பின்)

மிக்க நன்றி, ஐயா. பழைய கனச்சங்கிலியைக் கோவைக்கு அனுப்பி நிறை பார்த்ததில், எதிர்பார்த்த நிறைக்கு மேலே 43, 86, 129 எனப் படிப்படியாக முகடுகள் இருந்தன. குவானிடினில் கரைத்த புதிய தொகுதியில் ஒரே முகடு. பிஹெச்சை 10 டிகிரியிலேயே அளந்து 8.4-இல் நிறுத்தி, கனச்சங்கிலியை ஒன்றரை நாளில் மூன்று தவணையாக, ஊசி முனையைக் கலக்கும் சுழலுக்கு அருகில் வைத்துச் செலுத்தினேன். இம்முறை பஃபர் கடைசி வரை தெளிவாக இருந்தது. 45 கிலோடால்டனில் முகடு உயர்ந்து எழுந்தது. பெப்டைடு சேர்க்காமல் அருகே வைத்திருந்த குடுவையில் அந்த முகடு எழவே இல்லை.