மாங்குளத்துப் பக்கம் குளத்தில ரெண்டு விதமா அல்லி நிக்குது, என்ன சாதி?

நீலப்பூதேடி:
வணக்கம். மாங்குளத்துக்குக் கிட்ட எங்கட சின்னக் குளத்தில மழைக்குப் பிறகு அலைகரை முழுக்கப் பூ. விடிய ஆறரைக்குப் போனா வெள்ளைப் பூ விரிஞ்சு நிக்குது, மத்தியானம் மாடு பாக்கப் போய்க் குளக்கட்டில ஏறினா அதே இடத்தில வெள்ளை எல்லாம் கூம்பிப்போய் பக்கத்தில வெளிறின நீலம் விரிஞ்சிருக்கு. அம்மம்மாவிட்டக் கேட்டா "எல்லாம் அல்லிதான் போடா" எண்டுட்டா. ஒரே பூ நிறம் மாறுதோ, இல்லாட்டி ரெண்டு சாதியோ? போன்ல எடுத்த படத்தில எல்லாம் வெள்ளையாத்தான் கிடக்கு.

துருசடி:
ரெண்டு சாதி தம்பி. வெள்ளை இராவில விரியிறது, பின்னேரம் பொழுதுபடத் திறந்து அடுத்தநாள் வெயில் ஏற மூடும், நிம்பேயா பியூபெசென்ஸ் எண்டுறது அதைத்தான். நீலம் பகல்காரன், நிம்பேயா நௌச்சாலி, நீலோற்பலம். ஆனா நிறத்தை நம்பாதேங்கோ, முதலாவதில இளஞ்சிவப்பும் வரும், நீலம் சிலவேளை வெள்ளை மாதிரியே வெளிறியிருக்கும், உங்கட போன் பிழையில்லை. இலையைப் பாருங்கோ. இராப்பூ இலையிட விளிம்பு வாள் பல்லு மாதிரிக் கூராயிருக்கும், அடிப்பக்கம் தடவினா மயிர் மயிரா இருக்கும். நீலோற்பலத்தில பல்லு இல்லை, கொஞ்சம் அலை அலையா இருக்கும், அடி வழுவழுப்பு. தடவிறன் எண்டு குளத்துக்க இறங்கிப்போடாதேங்கோ, முதலை கிடக்கும், ஒரு கொக்கத்தடியால இழுங்கோ.

கோடைப்புல்லு:
அண்ணை சொன்னது சரி, நான் ஒண்டு சேர்க்கிறன். பூவை நடுவில பிரிச்சு மஞ்சள் கேசரத்திட நுனியைப் பாருங்கோ, நீலோற்பலத்தில மகரந்தப்பைக்கு மேல சின்னதா ஒரு நீட்டு இருக்கும், அதிலயும் நீலம் ஏறியிருக்கும். இராப்பூவில அந்த நீட்டே இல்லை. இன்னொண்டு, நல்ல கடும் ஊதாவா இதழ் கனக்கத் தெரிஞ்சா அது எங்கட பூ இல்லை, வெளியில இருந்து அழகுக்குக் கொண்டுவந்தது. 1986ல நீலோற்பலத்தை இலங்கையிட தேசிய மலரா அறிவிச்சாப்பிறகு கனகாலம் அந்த ஊதாவிட படத்தைத்தான் எங்கையும் போட்டவை, நான் ஏ4 பேப்பரில கலர் அடிச்சு மார்க்ஸ் வாங்கினதும் அதைப் பாத்துத்தான், இப்ப நினைச்சாச் சிரிப்பு.

பனங்கூடல்:
தாமரையையும் சேர்த்துக் குழப்பிறவை இருக்கினம், அதால சொல்லுறன். தாமரை இலை தண்ணிக்கு மேல குடை மாதிரி எழும்பி நிக்கும், வட்டத்தில வெட்டு இல்லை, தண்ணி உருண்டோடும். அல்லி இலைக்குக் காம்பு மட்டும் ஒரு பிளவு போகும். அல்லிக்காய் தண்ணிக்குள்ள தாண்டுதான் முத்தும். அம்மம்மாக்கு இந்தப் பேரெல்லாம் தேவையில்லை, அவ அல்லி அரிசி, அதுதான் விதை, எடுக்கிற காயைத் தடவியே சொல்லுவா, கேட்டுப்பாருங்கோ.

நீலப்பூதேடி:
கொக்கத்தடியோட போனனான். வெள்ளையிட இலை கையில கீறுது, அவ்வளவு பல்லு. நீலத்தில அந்த நீட்டும் இருக்கு. ஆனா தண்ணி திறந்துவிடுற துருசுக்குப் பக்கத்தில மூண்டாவதா ஒண்டு நிக்குது, பூ இல்லை, இலை பல்லோட, அடி மட்டும் சிவப்பு. அம்மம்மா அதையும் அல்லி எண்டுதான் சொல்லுறா.

துருசடி:
பல்லும் மயிரும் எண்டா இராப்பூப் பக்கம்தான் போகும். இருட்டிறதுக்கு முன்னம் போய் மொட்டு வருதோ எண்டு பாருங்கோ, யானை நடமாட்டம் இருந்தா வேண்டாம்.